தூர நிற்கிறவர் எறிய வேண்டும்

இத்தாலிக்காரர் புல்தரையில் மரப்பந்து உருட்டி விளையாடும் அந்தப் போளை விளையாட்டை எப்படி விளையாடுவது என்று யாராவது கேட்டால், இருந்த இடத்தில் இருந்தபடியே சொல்லிக்கொடுப்பேன். எழும்பி விளையாடச் சொன்னால் மாட்டேன். என் மகள் சின்ன வயதில் ஒவ்வொரு கோடையிலும் கேட்டுப் பார்த்தாள். அவள் டெனிஷில் கேட்பாள், நான் தமிழில் மாட்டேன் என்பேன். அம்மாவுக்குத் தோற்கப் பயம் என்று தகப்பனிடம் போய்ச் சொல்லுவாள். அந்த மனுசன் யன்னலால் வெளியே பார்ப்பார். தோற்கப் பயமா எனக்கு! வென்றதுதான் இன்னும் ஆறவில்லை.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகருக்கு நான் வந்தது எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம். என் கணவர் இரண்டு வருடம் முந்தி வந்து, அகதி முகாமில் இருந்து, வதிவிட அனுமதி கிடைத்து, ஒரு தொழிற்சாலையில் வேலையும் எடுத்திருந்தார். புருசன் கூப்பிட்டால் பெண்சாதி போவதுதானே. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு அவர்தான் மனேஜர். சீனி, மா, பருப்பு எல்லாம் அவர் கையால் நிறுத்தால்தான் சனத்துக்குத் திருப்தி. ஒரு சிறங்கை கூடவும் போடமாட்டார், குறையவும் விடமாட்டார். சொந்தத் தங்கச்சி வந்து நின்றாலும் அதே தராசுதான், அதே முகம்தான்.

"அவனை ரெண்டு வருசத்திலை திரும்பி வரச்சொல்லு. நீ அங்கை போய்ப் பனிக்குள்ளை என்ன செய்யப்போறாய்?" என்றார்.

"உங்களுக்கு உங்கடை சங்கக்கடையும் தராசும்தான் உலகம்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அவரிடமிருந்து வந்ததுதான்.

"போறதெண்டால் போ. போயிருந்து கடதாசி கிடதாசி எழுதிக்கொண்டிருக்காதை."

"எழுதமாட்டன். நீங்கள் முதல் எழுதுங்கோ, பிறகு பாப்பம்."

இருவருக்குமே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். நான் வெளிக்கிட்ட அன்று காலை அவர் வழமைபோலக் கடை திறக்கப் போய்விட்டார். பஸ் கடையைத் தாண்டியபோது வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். போயிட்டு வாறன் என்று நான் சொல்லவில்லை. வேற்றூருக்கு ஒரு நாள் போகிறவர்கள்கூட அதைச் சொல்லாமல் படி இறங்கமாட்டார்கள். நான் கடல் தாண்டிப் போகிறேன், சொல்லவில்லை.

ஹோர்சன்ஸில் அம்மாவும் தங்கச்சியும் எழுதும் கடிதங்கள் வரும். அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி இருக்காது. அப்பா சுகம் என்று அம்மா மட்டும் கடைசியில் எழுதுவா. நானும் பதில் போடுவேன், அம்மாவுக்கு, தங்கச்சிக்கு. அப்பா எப்படி என்று ஒரு தரமும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் மொழிப் பள்ளிக்கூடத்தால் வந்து தபால்பெட்டியைத் திறக்கும்போது அம்மாவின் கையெழுத்தையா தேடினேன்? இல்லை. அவர் எழுதட்டும், அவர் எழுதட்டும் என்றே ஐந்து மாதம் போய்விட்டது.

நாங்கள் இருந்தது மூன்று மாடிச் செங்கல் கட்டடம். எங்கள் வீடு நடுவில். மேலே மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணையும் அக்காவும். அந்தக் கட்டடத்தில் தமிழருக்கென்று இருந்த ஒரே தொலைபேசி அவர்கள் வீட்டில்தான். கீழே ஒரு இத்தாலிக்காரன். வைத்தியசாலைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லுப் பதித்துத் தரை போடுகிறவன். டெனிஷ்காரியைக் கட்டி இருபது வருடமாகியும் அவன் கதைக்கும் டெனிஷ் எங்களுடையதைவிட மோசம். அதனாலேயே எங்களுக்கு அவன் சொல்லுவது நன்றாக விளங்கும்.

வைகாசியில் வெயில் வந்ததும் அவன் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் புல்லுக்கு வந்தான். உள்ளே நாலு சிவப்பு, நாலு பச்சை, தேங்காய் அளவு மரப்போளைகள். அவற்றோடு எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளை. அவற்றை என்னவென்று சொல்லுவது என்று எங்களுக்குள் முதலில் ஒரு வாதம். குண்டு என்று அண்ணை சொல்ல, அக்கா காதைப் பொத்தினா. ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஓடி ஒளிந்த காலம். சின்னப்பிள்ளைகள் உருட்டும் போளை என்றே வைத்துக்கொண்டோம். சின்னதற்குப் பெயர் குட்டிப்போளை.

விளையாட்டு லேசுதான். ஒரு கோடு கீறவேண்டும். முதலில் ஒருவர் கோட்டில் நின்று குட்டிப்போளையை எறிவார். அது எங்கே போய் நிற்கிறதோ அதுதான் குறி. பிறகு அதே ஆள் தன் பெரிய போளையை அதற்குக் கிட்ட உருட்டுவார். அடுத்தது மற்றப் பக்கம். எந்தப் பக்கத்தின் போளை குறிக்குக் கிட்ட இருக்கிறதோ அந்தப் பக்கம் சும்மா நிற்கலாம். தூர இருக்கிற பக்கம், முந்திக் கிட்டப் போகும்வரை, இல்லாவிட்டால் கையில் உள்ளது முடியும்வரை, எறிந்துகொண்டே இருக்கவேண்டும். மற்றவரின் போளையை அடித்துத் தள்ளலாம், குட்டிப்போளையையே அடித்து இடம் மாற்றலாம். எட்டும் முடிந்தபின் போய்ப் பார்த்து, மறுபக்கத்தின் மிகக் கிட்டிய போளையைவிட எங்கள் போளை எத்தனை கிட்டக் கிடக்கிறதோ அத்தனை புள்ளி. பன்னிரண்டு முதலில் எடுத்தவர் வென்றவர். சந்தேகம் வந்தால் நாடா வைத்து அளக்கவேண்டும். இத்தாலிக்காரன் சந்தேகம் இல்லாவிட்டாலும் அளப்பான். முழங்காலில் இருந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒரு மில்லிமீற்றரையும் விடமாட்டான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் தராசு நினைவு வரும். உடனே கோபமும் வரும்.

ஒரு பக்கம் சிவப்போடு நானும் அக்காவும், மறுபக்கம் பச்சையோடு என் கணவரும் இத்தாலிக்காரனும். அண்ணை புல்லில் இருந்து பகிடி விட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது வயிற்றில் நாலாம் மாதம். இவர் நாட்டை விட்டு வெளிக்கிட முன்பு ஒன்று நாலாம் மாதத்தில்தான் தங்காமல் போனது. அதனால் இவர் என்னைக் கண்ணுக்குள் வைத்து நடத்தினார். விளையாட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். ஊரில் கிரிக்கெட் ஆடின கை. நான் உருட்டி உருட்டிக் கிட்டக் கொண்டுபோய் வைப்பதை ஒரே அடியில் தூக்கிப்போட்டுவிட்டுச் சிரிப்பார். "உமக்கு வாய் நீளுற அளவுக்குக் கை நீளேல்லையப்பா" என்பார்.

ஒரு சனிக்கிழமை அப்படித்தான் அவர் அடித்ததில் என் போளை செடிக்குள் போய்விட்டது. எனக்கு வந்ததே கோபம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் எறியட்டும், நான் எறியமாட்டேன் என்றேன். இத்தாலிக்காரன் வந்து என் கையைப் பிரித்து ஒரு போளையை வைத்தான்.

"இல்லை. அவன் கிட்ட இருக்கிறான். நீ தூர இருக்கிறாய். தூர இருக்கிறவர்தான் எறியவேண்டும். நீ எறியாவிட்டால் விளையாட்டு அப்படியே நிற்கும். இருட்டும்வரை நிற்கும்" என்றான்.

இருட்டுவதென்றால் அந்தக் கோடையில் இரவு பத்தரை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் எறிந்தேன், தோற்றேன். ஆனால் அந்தச் சொல் படி ஏறும்போதும் கூடவே வந்தது. தூரப் போனது யார்? அப்பாவா போனார்? அவர் கடை வாசலில்தானே நிற்கிறார். நான்தானே போனவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்து ஏரோகிராம் வான்தபால் தாள் ஒன்றை எடுத்து, அன்புள்ள அப்பா என்று எழுதினேன். அதற்குமேல் போகவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. திங்கள் முழுவதும் அது மேசையில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு வழி கண்டுபிடித்தேன். மன்னிப்பை விட்டுவிட்டு விளையாட்டைப் பற்றி எழுதுவோம், அது தானாக வந்து சேரும். எழுதி, நாக்கால் நனைத்து ஒட்டி, இவர் வேலையால் வந்ததும் நீட்டினேன்.

"இந்தாங்கோ, உங்கடை மாமனாருக்கு எழுதிப்போட்டன். நாளைக்கு வேலைக்குப் போகேக்கை தபாலிலை போடுங்கோ. இனி என்னைப் பிடிவாதக்காரி எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

அவர் அதை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனவர், நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. சவர்க்காரம் கண்ணில் பட்டது என்றார்.

அன்று காலை, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, மேல் வீட்டுத் தொலைபேசிக்குக் கொழும்பிலிருந்து செய்தி வந்திருந்தது. அப்பா இல்லை. ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி. சண்டையால் பாதை பூட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அண்ணை சைக்கிளில் தொழிற்சாலைக்கே போய் இவரிடம் சொன்னாராம். இருவரும் வாசலில் நின்று முடிவெடுத்தார்களாம், நாலாம் மாதம் தாண்டட்டும் என்று. எங்கள் சனத்தின் வழமை அது. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாவு சொல்லமாட்டார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சவர்க்காரம் மட்டும்தான்.

அந்தச் செவ்வாய் இரவு அக்கா சோறும் மரக்கறியும் சமைத்துக் கொண்டுவந்தா. புதனும் வந்தது, வியாழனும் வந்தது. "அடுப்படியிலை நிக்காதை பிள்ளை, மணத்துக்குச் சத்தி எடுப்பாய். நான் சும்மாதானே இருக்கிறன்" என்றா. வயிறு ஊதினவளுக்கு யாரும் சமைத்துக் கொடுப்பார்கள்தானே என்று நான் வழித்துச் சாப்பிட்டேன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலட்டைதான் சோறு கொடுக்கும் என்பது எனக்குத் தெரியாததா? முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தார்கள், நான் அந்தச் சோற்றையே சாப்பிட்டுவிட்டு ருசி என்றேன். வெள்ளிக்கிழமை அக்கா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மெழுகுதிரி கொளுத்தினா. பிள்ளைக்காக என்றா. இவர் முகம் வழிப்பதை விட்டுவிட்டுத் தாடி வளர்த்தார். தோல் கடிக்குது என்றார். நம்பினேன். கோதாரி, எல்லாவற்றையும் நம்பினேன்.

அதோடு நான் விளையாட்டில் வெல்லத் தொடங்கினேன். இவர் எறிவது குறிக்கு வெளியே வெளியே போனது. என் போளையை அடிக்கும் தூரத்தில் நின்றும் அடிக்கமாட்டார். இத்தாலிக்காரன் தலையில் கைவைத்து அவரைத் திட்டுவான். நான் துள்ளுவேன். அக்கா "துள்ளாதை பிள்ளை, துள்ளாதை" என்று பதறுவா. வென்ற கையோடு மேலே போய் அப்பாவுக்கு இரண்டாம் கடிதம் எழுதினேன், அடுத்த கிழமை மூன்றாவதும் எழுதினேன். இன்றைக்கு உங்கள் மருமகனைப் பன்னிரண்டுக்கு நாலு என்று வென்றேன், நீங்கள் இருந்தால் போளையையும் நிறுத்துத்தான் தருவீர்கள் என்று பகிடியெல்லாம் எழுதினேன். பதில் வர ஒரு மாதம் செல்லும் என்று நாட்களை எண்ணினேன். ஒவ்வொரு கடிதத்தையும் இவர் கையில்தான் கொடுத்தேன்.

மூன்று கிழமை கழிந்து ஒரு பின்னேரம். பதினொன்றுக்குப் பதினொன்று. எட்டுப் போளையும் எறிந்தாகிவிட்டது. குட்டிப்போளைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு. நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, அவர்களின் பச்சைதான் கிட்ட. இவர் முந்திக்கொண்டு ஓடிப்போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "சிவப்புத்தான். நீங்கள் வெண்டிட்டியள்" என்றார்.

இத்தாலிக்காரன் நாடாவை இழுத்துக்கொண்டு முழங்காலில் இருந்தான். இவர் சட்டென்று பச்சையைக் கையில் தூக்கிவிட்டார். அவன் எழும்பி நின்று கத்தினான். அளக்காமல் எடுக்கிறவனோடு தான் இனி விளையாடுவதில்லை என்றான். அவனைவிட எனக்குத்தான் கூடக் கோபம்.

"எனக்கென்ன கண் பொட்டையே? பச்சைதான் கிட்ட. ஆருக்குப் பிச்சை போடுறியள்? சங்கக்கடை மனேஜரின்ரை மகளுக்கே கள்ள நிறுவை நிறுக்கிறியள்?"

அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தா. இவருடைய கையிலிருந்த போளை புல்லில் விழுந்தது. தாடி வளர்ந்த அந்த முகம் கோணிக்கொண்டு போனதைப் பார்த்தேன். மூன்று நாள் சோறு, மெழுகுதிரி, தாடி, சவர்க்காரம் எல்லாம் ஒன்றின்பின் ஒன்றாக வந்து முன்னால் நின்றன.

"ஆர் செத்தது?" என்றேன்.

இத்தாலிக்காரன் நாடாவைப் பிடித்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

"ஆர் எண்டு கேக்கிறன்."

"அப்பா" என்றார் இவர்.

"எப்ப?"

"இஞ்சரும், முதல் இரும். இதிலை இரும்."

"எப்ப எண்டு கேட்டனான்!"

"நீர் முதல் கடதாசி தந்த அண்டைக்குத்தான் செய்தி வந்தது. அதுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை."

ஐயோ மாதாவே! அன்புள்ள அப்பா என்று எழுதிவிட்டு, மேலே என்ன எழுதுவது என்று ரோசம் பார்த்துக்கொண்டிருந்த அதே ஞாயிறு. அப்பா மண்ணுக்குள் போய் மூன்று கிழமை, மகள் இங்கே புல்லுக்குள் துள்ளிக்கொண்டு நிற்கிறாள், வென்றேன் வென்றேன் என்று. இவருடைய நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். அவர் தடுக்கவில்லை. அக்காதான் என்னைப் பின்னால் கட்டிப்பிடித்து, "பிள்ளை, வயித்திலை உள்ளதை நினை, வயித்திலை உள்ளதை நினை" என்று குழறினா. என் சத்தம் கேட்டு டெனிஷ்காரர் யன்னல்களைத் திறந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். செத்த வீட்டில் அழாமல் எங்கே அழுவது?

வீட்டுக்குள் போனதும் இவர் அலுமாரியில் தொங்கிய குளிர்க்கோட்டின் உள்பொக்கற்றிலிருந்து மூன்று ஏரோகிராமையும் எடுத்து வைத்தார். மூன்றும் ஒட்டினபடி.

"போடவும் மனம் வரேல்லை. கிழிக்கவும் மனம் வரேல்லை" என்றார்.

பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசியில் சுகமாகப் பிறந்தாள். நாலாம் மாதத்திலேயே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எவருக்குத் தெரியும்? அதனால் இவரை முழுசாகக் கோபிக்கவும் முடியவில்லை, முழுசாக மன்னிக்கவும் முடியவில்லை. இத்தனை வருடமும் அப்படியே போகிறது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகுமுன், இத்தாலிக்காரன் கறுப்புக் கோட்டுப் போட்டு வாசலில் வந்து நின்றான். தான் நாடாவை எடுத்திருக்கக்கூடாது, பெரிய பிழை செய்துவிட்டேன் என்று தலையைக் குனிந்தான். நீ ஒருத்தன்தான் எனக்குச் சரியாக அளந்தாய் என்று சொல்ல விரும்பினேன். அதற்குப் போதிய டெனிஷ் என்னிடம் இல்லை. நன்றிக்கு அவர்கள் சொல்லும் தாக் என்பதை மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பெட்டியை நான் வீட்டில் இருக்கும் நாளில் வெளியே கொண்டுவரவில்லை.

அந்த மூன்று ஏரோகிராமையும் ஒரு உறைக்குள் வைத்து அம்மாவுக்கு அனுப்பினேன். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவை போய்ச் சேரவில்லை. பாதை பூட்டித் திறந்து, ஆடி முடிவில்தான் கிடைத்ததாம். தங்கச்சி பதில் எழுதியிருந்தாள். அப்பா ஒவ்வொரு நாளும் கடை வாசலில் தபால்காரனை மறித்து மறித்துக் கேட்டவராம். நீங்களே எழுதுங்கோவன் என்று அம்மா சொன்னால், "அவளல்லோ போனவள், அவள் எழுதட்டும்" என்பாராம். நிறுவையில் அவர் ஒரு நாளும் பிழை விட்டதில்லை. அதிலும் விடவில்லை.

மூன்று கடிதத்தையும் அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்து தங்கச்சி சத்தமாக வாசிக்க, அம்மா கேட்டுக்கொண்டிருந்தாவாம். முதல் கடிதத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: "அப்பா, இந்த விளையாட்டில் தூர நிற்கிறவர்தான் எறியவேண்டும். நான்தானே தூர நிற்கிறேன், அதனால் இதை நான் எறிகிறேன். இனி உங்கள் முறை."

அந்த இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாவாம். படத்தைக் காட்டி, "அப்ப இனி ஆர் எறியிறது? இப்ப அவரல்லோ தூரம்" என்றாவாம்.

தங்கச்சிக்குப் பதில் எழுதினேன். அம்மாவுக்கும் தனியாக எழுதினேன், அவ சாகும்வரை மாதம் ஒரு கடிதம் தவறாமல் எழுதினேன். அம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.